முள் பிடுங்கிய கள்ளி

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பித்துப் பார்த்தேன், கை வரவில்லை. அதனால் இப்படியே இருக்கட்டும்.

போன வருஷம் நடந்ததற்குப் பிறகு உனக்கு எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. போனில் கூப்பிட்டால் என்ன என்று உன் அத்தான் கேட்டார். உன் குரலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். நீ அக்கா என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத்து என்றால் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடுகிறது. அதோடு இதில் ஒரு பார்சலும் சேர்ந்திருக்கிறது. கள்ளியைப் போனில் அனுப்ப முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் நிலத்தைச் சுற்றி இருக்கும் சப்பாத்திக் கள்ளி வேலியை நீ பார்த்திருக்கிறாய், வாய்க்கால் கரையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை. களை ஒழிப்பு அலுவலகத்திலிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார். இந்தக் கள்ளியில் இரண்டு ஜாதி இருக்கிறதாம். ஒன்று களை, வாய்க்கால் முழுக்கப் பரவிக் கெடுத்துவிடும், அதை இயந்திரம் வைத்து வேரோடு சுரண்டி எரித்துவிடுவார்களாம். இன்னொன்று மாட்டுக்குத் தீனி, அதை வைத்துக்கொள்ளலாமாம். எங்களுடையது களை என்று அவர் சொல்கிறார். இல்லை என்றால் செடி ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் சொன்னது நீ வேலை பார்க்கிற அலுவலகத்தைத்தான். எனக்குத் தெரிந்தவள் அங்கே இருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் என்று பெயருக்குக்கூட இல்லை. கள்ளி மடலை வெட்டி வாட்டிப் போட்டுத்தான் ஐந்து மாட்டையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். வேலி போனால் மாடுகளும் போகும். பால் சங்கத்து ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் "இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கியோ, வித்துத் தொலைச்சுட்டு வா" என்று சொன்னாயே, அது நீ ஒன்றும் செய்யாமலே நடந்துவிடும். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பார்சலில் ஒரு மடல் வைத்திருக்கிறேன். உள்ளதிலேயே நல்லதாகப் பார்த்து வெட்டியது. இரண்டில் எது என்று பார்த்துச் சொல். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். அதனால் கள்ளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே குடும்பம்தான், கூடப் பிறந்தவை மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். நாங்கள் இங்கே பேச்சு வசதிக்காகத் தீனிக் கள்ளி, களைக் கள்ளி என்று சொல்வோம். தீனிக் கள்ளியின் மடல் பெரியது, கனமானது. பழம் பெரியதாக, தித்திப்பாக இருக்கும். களைக் கள்ளியின் மடல் கொஞ்சம் சின்னது, பழம் ஊதாவாக, புளிப்பாக இருக்கும். ஆனால் தண்ணீர் இல்லாத வருஷத்தில் தீனிக் கள்ளியின் மடலும் சிறுத்துவிடும், தண்ணீர் கண்ட இடத்தில் களைக் கள்ளியும் கொழுத்துவிடும். அதனால் அளவை மட்டும் நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. பூவும் கிட்டத்தட்ட ஒரே மஞ்சள்தான். நிச்சயமாகப் பிரித்துக் காட்டுவது முள். மடலில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் இருக்கிறதே, அதைக் கண் என்போம். களைக் கள்ளியின் கண்களில் தடித்த முள் கட்டாயம் இருக்கும். தீனிக் கள்ளியில் பெரும்பாலும் இருக்காது.

நீ அனுப்பிய மடலில் ஒரு கண்ணில்கூட முள் இல்லை. தொட்டால் கையில் ஏறுகிற பூனைமுடி மாதிரியான சுணைகூட இல்லை. இவ்வளவு சுத்தமான செடியை நான் பார்த்ததே இல்லை. உன் வேலி தீனிக் கள்ளிதான். அலுவலக முத்திரையோடு அத்தாட்சிக் கடிதம் இதோடு இருக்கிறது. தொப்பிக்காரரிடம் கொடு.

மாடுகள் போவதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதி, பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 19

தங்கச்சிக்கு,

எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ என்னதான் எழுதிக் கொடுத்தாய்?

உன் கடிதத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. கண் என்கிறாய், சுணை என்கிறாய். தீனிக் கள்ளிதான் என்று எழுதிய வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன், உன் அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் எங்கள் மூத்த மாடு கோணக்கொம்பியிடம் போய், பிழைத்துப் போனாய் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தாட்சியை உறையோடு பத்திரமாக எடுத்து வைத்தேன், திறந்துகூடப் பார்க்கவில்லை.

தொப்பிக்காரர் வந்தார். வேலி ஓரமாகவே நின்று வாசித்தார். வாசித்து முடித்துத் திரும்பினார், சட்டைக் கை கள்ளியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழிகிறது, விட்டால் குத்துகிறது. நானும் உன் அத்தானும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று விடுவித்தோம். கையில் ரத்தம். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, "இதுதான் முள்ளே இல்லாத கள்ளியாம்மா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அத்தாட்சியை வாங்கி வாசித்தேன். முள்ளற்ற வகை என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. முள் இல்லாவிட்டால் அது எதற்கு வேலி? மேஜையில் என் பார்சலையும் வேறு யாருடைய பார்சலையும் மாற்றி வைத்துவிட்டாயா? உன் மேஜை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அத்தாட்சியை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், உன் மேலதிகாரிக்கு எழுதப் போகிறாராம். இயந்திரம் ஏப்ரல் இருபதாம் தேதி வருகிறது.

அக்கா


மார்ச் 22

முன்னால் எழுதியதற்குப் பதில் வரவில்லை. கார்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கோணக்கொம்பி சினையாக இருக்கிறது. போன கடிதத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. சினை மாட்டை எவன் நல்ல விலைக்கு வாங்குவான், வாங்கினாலும் எப்படி வைத்துக்கொள்வான் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் கார்டும் ஒரே நாளில் கிடைத்தன. அதற்கு முன்பே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. நான் எழுதியதைத் திருப்பி என் பக்கம் தள்ளி, எதை வைத்து எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பார்சல் மாறவில்லை அக்கா. என் மேஜையைப் பற்றி நீ சொன்னது உண்மைதான், ஆனால் பார்சலில் உன் கையெழுத்து இருக்கிறது. மடலை மறுபடி எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முள் இல்லை. கண்களின் ஓரம் லேசாகப் பழுத்திருக்கிறது, வெயிலில் பார்சல் வாடியதால் இருக்கும். அங்கே முள், இங்கே முள் இல்லை. எப்படி யோசித்தாலும் ஒரே ஒரு விடைதான் வருகிறது, அதை எழுதக் கூசுகிறது.

கேட்டுவிடுகிறேன். இந்த மடல் உன் வேலியிலிருந்து வெட்டியதுதானா? உள்ளதிலேயே நல்லதாகப் பார்த்து என்று எழுதியிருந்தாயே, யாருடையதிலிருந்து? சந்தையில் முள்ளில்லாத தீனிக் கள்ளி மடலைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள், எனக்குத் தெரியும். மாடுகளைக் காப்பாற்ற அதில் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தால் எனக்கு அது புரிகிறது. கோபப்பட மாட்டேன். ஆனால் என்னிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. நீ இதைச் செய்திருக்க மாட்டாய் என்றும் தோன்றுகிறது, வேறு எப்படி நடக்கும் என்றும் தோன்றுகிறது.

தங்கை


மார்ச் 30

சந்தையில் வாங்கி அனுப்பினேனா?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பால் கறக்கப் போனேன், கருப்பி உதைத்தாள், வாளி கவிழ்ந்தது. கூடப் பிறந்தவளை ஏமாற்றி மாட்டைக் காப்பாற்றுகிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன் என்று நீ நினைக்கிறாய். உன் அத்தான் எப்போதும் உனக்கும் தலையாட்டுவார், எனக்கும் தலையாட்டுவார். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் ஆட்டவில்லை.

முள் இருந்ததடி. நிறைய இருந்தது. நான்தான் பிடுங்கினேன்.

வேறு என்ன செய்வேன்? முள்ளோடு அப்படியே காகிதத்தில் சுற்றி உனக்கு அனுப்புவேனா? உனக்குச் சின்ன முள் ஏறினால்கூட விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் ஒரு வாரம் அழுவாய். அதனால் ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். உன் அத்தான் மீசையில் நரை பிடுங்க வைத்திருந்த இடுக்கி வளைந்தே போய்விட்டது. பிறகு சுணை போவதற்கு அடுப்பில் காட்டி எடுத்து, ஈரத்துணியால் நான்கு பக்கமும் துடைத்து, என் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பார்சல் கட்டினேன். கண் ஓரம் பழுத்தது வெயிலில் இல்லை, என் அடுப்பில். சண்டை போட்டது உன் வாயோடுதானே, உன் கையோடு இல்லையே.

மீனைக் கழுவிக் கொடுத்தால் செதில் இல்லாத மீன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாயா? படித்தவளுக்குத் தெரியும் என்று நான் சொல்லாமல் விட்டேன்.

முள் இல்லை என்றாயே, இதோ முள். பிடுங்கிய முள்ளைக் கீழே போட்டால் மாட்டுக் காலில் ஏறும் என்று எப்போதும் ஒரு பவுடர் டப்பாவில்தான் போட்டு வைப்பேன். கன்றுக்குப் போடுகிற மடலில் பிடுங்கியதும் அதில்தான் கிடக்கிறது. டப்பாவோடு அனுப்பியிருக்கிறேன். திறக்கும்போது கவனமாகத் திற. மூடி இறுக்கமாக இருக்கும், சட்டென்று திறந்து கொட்டிக்கொள்ளாதே.

இனிமேல் உனக்கு எழுதுவதாக இல்லை.


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத மாட்டேன் என்று நீதான் சொன்னாய், நான் சொல்லவில்லை.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்தே வாசித்தேன். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன் என்ற இடம் வந்ததும் அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் டப்பாவைப் பார்த்து, முள் குத்திவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன்மேல் சந்தேகப்பட்டது அசிங்கம். அதைவிட அசிங்கம், வாட்டிய மடலைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமான செடியைப் பார்த்ததில்லை என்று எழுதியது. மேலதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்பது முதுகிலேயே தெரிந்தது. அத்தாட்சியை ரத்து செய்தாகிவிட்டது.

இப்போது டப்பா விஷயம். முள்ளை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பரப்பினேன், கையுறை போட்டுக்கொண்டுதான். பார்க்கப் பார்க்கக் குழப்பம் தீருவதற்குப் பதிலாகக் கூடியது. பாதி முள் மஞ்சள், தட்டையாக, கொஞ்சம் வளைந்து இருக்கிறது. அது களைக் கள்ளி, சந்தேகமே இல்லை. மீதி முள் வெள்ளை, நேராக, ஊசி மாதிரி. அது தீனிக் கள்ளி. முள்ளுள்ள தீனிக் கள்ளி. அப்படியும் உண்டு அக்கா, நான்தான் அவசரத்தில் அதை மறந்தேன். மடலை நட்டு வளர்த்தால் தாய் மாதிரியே முள் இல்லாமல் வரும். பழத்து விதையிலிருந்து தானாக முளைத்தால் பல சமயம் முள்ளோடு வந்துவிடும். நீ எப்போதாவது தீனிக் கள்ளிப் பழம் வாங்கித் தின்று, விதையை எங்கேயாவது துப்பியிருக்கிறாயா? தோலை எங்கே கொட்டுவாய்?

ஆக, தொப்பிக்காரர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. உன் வேலியில் இரண்டும் இருக்கிறது. நீ முதலில் அனுப்பிய மடல் எது என்று இப்போது எனக்கே தெரியாது. அதைச் சொல்ல வேண்டிய முள் டப்பாவில் மற்றதோடு கலந்து கிடக்கிறது. எந்தச் செடி எது என்று டப்பாவும் சொல்லாது, நானும் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. மறுபடி பார்சல் வேண்டாம்.

மேலதிகாரி களை ஒழிப்பு அலுவலகத்தோடு பேசிவிட்டார். இங்கிருந்து ஒருவர் வந்து வேலியில் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, தீனிக் கள்ளிக்குச் சுண்ணாம்புக் குறி போட வேண்டும். குறி போட்டதை இயந்திரம் தொடாது. இருபதாம் தேதிக்கு முன்னால் முடிக்க வேண்டும். பாதி வேலி மிஞ்சினால் கோணக்கொம்பி கன்று போடும் வரைக்கும் தாங்குமா?

யார் வருவது என்பதுதான் கேள்வி. இங்கே இன்னொருவர் இருக்கிறார், என்னைவிட அனுபவம் அதிகம், அவரை அனுப்பலாம். நான் வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று நீ சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. அன்று மாடுகளை விற்றுவிடச் சொன்னது நாற்றத்துக்காக இல்லை. நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு பால் வாளியோடு எழ முடியாமல் நின்றாய், எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்துவிட்டது.

யாரை அனுப்பட்டும்?

தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

பழம் தின்றது உண்மைதான். இரண்டு மூன்று வருஷம் முன்னால் பால் வண்டி போகிற வழியில் உன் அத்தான் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார். தோல், விதை எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியில்தான் போட்டோம். அதன் பிறகுதான் அங்கே உள்பக்கமாக ஒரு வரிசை முளைத்தது. வேலி குட்டி போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு அனுப்பிய மடலும் அங்கே வெட்டியதுதான், எருவில் வளர்ந்ததால் அதுதான் கொழுகொழு என்று இருந்தது. அப்படியென்றால் முதல் தடவை நீ சொன்னது சரியா? சரி என்றால் ஏன் தப்பாயிற்று? யோசித்தால் எனக்கு மண்டை காய்கிறது.

நானே பிரித்துப் பார்க்கலாம் என்று போனேன். காலையில் பார்த்தால் எல்லா முள்ளும் வெள்ளையாக இருக்கிறது, சாயங்கால வெயிலில் எல்லாமே மஞ்சள். வாய்க்கால் பக்கத்துச் செடி உள்ளே சாய்ந்து, எருக்குழிச் செடி வெளியே சாய்ந்து, எதன் மடல் எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. உன் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரே செடியைப் பார்த்து முதலில் வெள்ளை என்றார், நான் முறைத்ததும் மஞ்சள் என்றார்.

பாதி வேலி போதுமா என்று கேட்டிருந்தாய். கன்று போடும் வரைக்கும் போதும். அதற்குள் மழை வந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

அனுபவம் அதிகம் உள்ளவரை அனுப்பாதே. அவருக்கு நம் வேலி தெரியாது, கருப்பி உதைப்பாள் என்பதும் தெரியாது. நீயே வா. கையுறை இரண்டு ஜோடி கொண்டுவா. வேலியில் ஒரு முள்ளையும் நான் தொடவில்லை, இருக்கிறது இருந்தபடியே இருக்கிறது. மாட்டுக்கு இந்த ஒரு வாரமும் வைக்கோல் வாங்கிப் போடுகிறேன்.

இடுப்பு வலியைப் பார்த்துச் சொன்னேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வருஷம் முழுக்க நான் என் சேலையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி ஏறாதே என்று சொன்னது சொன்னதுதான். அத்தனை பேர் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். நீ கொட்டகைப் பக்கமாக வா. அங்கே படி கிடையாது.

அக்கா